வாசகர் கேள்வி – பதில்: புதிய பட்டதாரிகளும் சிறு தொழிற்கூடங்களும்

கேள்வி: கணபதியில் பம்பு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் தொழிற்கூடம் நடத்துகிறேன். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். புதிதாக எடுக்கும் மெக்கானிக்கல் பட்டதாரிகளுக்கு வரைபடத்தைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை. நான்கைந்து மாதங்களில் விலகியும் விடுகிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது?
– வாசகர், கோவை

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனால், கணினிக் கட்டளைப்படி இயங்கும் ஒரே சி.என்.சி. இயந்திரத்தைச் சுற்றி மாணவர்கள் கூட்டமாக நிற்க, ஒருவர் இயக்குவதைப் பார்த்து மற்றவர்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் நிலைதான் பல கல்லூரிகளில் இருக்கிறது. அப்படி வந்தவரிடம் முதல் வாரத்திலேயே உற்பத்தி எண்ணிக்கையை எதிர்பார்த்தால், அவர் கேள்வி கேட்க அஞ்சி, தானாகவே ஆஃப்செட்டை (வெட்டும் கருவிக்கான அளவுத் திருத்தத்தை) மாற்றிப் பல பாகங்களைக் கழிவாக்கிவிடுவார்.

முதல் மாதம் அவரைத் தரப் பரிசோதனைப் பிரிவில் அமர்த்துங்கள். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கொண்டு, வரைபடத்தை அருகில் வைத்து, முடிந்த பாகங்களை அளக்கட்டும். எது ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் அளவு வேறுபாடு) என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. அடுத்த மாதம், இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்யும் செட்டருடன் நிற்கட்டும். மூன்றாவது மாதம் பகல் ஷிப்டில் ஒரே ஒரு பாகத்தை அவர் பொறுப்பில் விடலாம்.

இதில் பெரும்பாலான முதலாளிகள் கவனிக்கத் தவறுவது, கற்றுக்கொடுக்கும் மூத்த ஆபரேட்டரின் மனநிலையை. ஐ.டி.ஐ. முடித்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு, தான் பழக்கும் இளைஞர் நாளை தனக்கே சூப்பர்வைசராக வருவார் என்ற எண்ணம் இருந்தால், அவர் மனம் திறந்து கற்றுத்தர மாட்டார். அந்த மாதங்களில் அவருடைய உற்பத்தி இலக்கைக் குறைத்து, பயிற்சிக்கென்று தனிப்படி கொடுங்கள். அவருடைய பதவி உயர்வையும் தெளிவாகப் பேசிவிடுங்கள். பட்டதாரியிடமும், ஓராண்டுக்குப் பின் என்ன வேலை, என்ன சம்பளம் என்பதை எழுத்தில் கொடுங்கள். சம்பளம் குறைவு என்பதற்காக விலகுபவர்கள் உண்டு. அடுத்தது என்னவென்று தெரியாமல் விலகுபவர்களும் உண்டு, இவர்களை நீங்கள் நிச்சயம் தக்கவைத்துக்கொள்ள முடியும்.

இன்னொன்று: தொழில் பழகுநர் சட்டம், 1961-இன் கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். உங்களுக்கும் இது பொருந்தும். அந்தத் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தது; தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையின் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. அரசு தரும் பங்கை மிச்சமாகக் கருதாமல் அந்த இளைஞரின் உதவித்தொகையோடு சேர்த்துக் கொடுங்கள். வெளியூரிலிருந்து வந்து கோவையில் அறை எடுத்துத் தங்குபவருக்கு 9,000 ரூபாய் போதவே போதாது.

கேள்வி: இரண்டு ஆண்டு ஒப்பந்தம் எழுதி, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: சான்றிதழ்களை வாங்கி வைக்கவே கூடாது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74ஆவது பிரிவு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது உண்மைதான். ஆனால் அது மேலாளர் நிலைப் பணிக்கானது, பொதுத்துறை ஆள்தேர்வுக்கு ஆகும் செலவும் அங்கே கருதப்பட்டது. பயிற்சிக்கு நீங்கள் உண்மையில் செலவிட்டதைக் கணக்கிட்டு, மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும் தொகையாக எழுதுவதே முறை.

கேள்வி: எங்கள் ஜவுளி ஆலையில் நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தொடரலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: தறிக்கூடத்திலும் துணிப் பரிசோதனையிலும் பேசப்படுவது தமிழ்தான் எனில் நேர்காணலும் தமிழிலேயே நடக்கட்டும். பிழையுள்ள துணி ஒன்றைக் கையில் கொடுத்து, குறை எங்கே, தறியில் எதனால் வந்திருக்கும் என்று கேளுங்கள். ஏற்றுமதிப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டுமானால், அதற்கு மட்டும் ஒரு கடிதம் எழுதச் சொல்லித் தனியாகச் சோதித்துக்கொள்ளலாம்.