காப்பி பாதியில் நிற்கிறதா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: பழைய விண்டோஸ் லேப்டாப்பில் இருக்கும் குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற முயல்கிறேன். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், கல்யாண வீடியோ 'ஃபைல் டூ லார்ஜ்' என்று ஏற மறுக்கிறது. சில ஃபோல்டர்கள் பெயர் நீளமாக இருக்கிறது என்று நிற்கின்றன. ஒரு ஃபோல்டரில் மட்டும் 'டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று வருகிறது. எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர். அதில் பழைய படங்கள் இருக்கின்றன. வேறு எங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை. ஃபார்மட் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று பிழைகளுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றில் மிக மோசமானது எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் பிழையே அல்ல என்பது என் கணிப்பு.

கடைசிப் பிழையை முதலில் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க் தன் ஒவ்வொரு செக்டரிலும் (தகவல் எழுதப்படும் சிறு பகுதி) தகவலோடு சேர்த்துச் சரிபார்ப்புக் குறியீட்டையும் எழுதி வைக்கிறது. படிக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. அப்போது விண்டோஸ் காட்டுவதுதான் இந்தச் செய்தி. பெரும்பாலும் இது படிக்கும் பக்கத்துக் கோளாறு. நீங்கள் படிப்பது லேப்டாப்பிலிருந்து. அதாவது, உங்கள் லேப்டாப் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். இந்த நிலையில் எக்ஸ்டெர்னலை ஃபார்மட் செய்தால், பழைய படங்களையும் இழந்து, புதிய படங்களையும் இழக்கும் நிலையில் நிற்பீர்கள்.

உறுதி செய்துகொள்வது எளிது. அடம்பிடிக்கும் படங்களில் ஒன்றிரண்டை மட்டும் ஒரு பென் டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். அங்கேயும் அதே பிழை வந்தால் லேப்டாப் டிஸ்க்தான் குற்றவாளி. பென் டிரைவுக்கு ஒழுங்காகப் போனால் எக்ஸ்டெர்னல், அதன் கேபிள், போர்ட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கூடவே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, லேப்டாப் டிஸ்க்கின் பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் 'பிறகு பார்க்கலாம்' என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அந்த வரிகளின் கடைசி நெடுவரிசையில் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்: கடைசியில் 18 என்று தெரிந்தால் அது 24 செக்டர்.

சி5 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், இணையத்தில் எல்லோரும் சொல்லும் 'செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர்' கட்டளையை இப்போது ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும். மூச்சு வாங்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி அடியாகிவிடலாம். ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டீஃபிராக்மென்ட்டும் வேண்டாம். முதலில் படங்கள் வெளியே வரட்டும். பழுது பார்ப்பதெல்லாம் பிறகு.

வெளியே எடுக்க ஒரு புது டிஸ்க் வாங்குங்கள் என்றே சொல்வேன். செலவுதான். ஆனால் பழைய எக்ஸ்டெர்னலில் இருப்பது ஒரே பிரதி. அதன் மேல் எந்தச் சோதனையும் நடத்தக் கூடாது. ஃபைல்களை டிஸ்க்கில் பதிந்து வைக்கும் முறைகள் பல உண்டு. புது டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கட்டும். மேக் கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டியிருந்தால் எக்ஸ்ஃபேட்.

கல்யாண வீடியோ ஏறாததன் காரணமும் பழைய டிஸ்க்கில் இருக்கும் முறைதான். திஸ் பிசியில் பழைய டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால் ஃபேட்32 என்று இருக்கும், பாருங்கள். அதில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு. அதனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது, எத்தனை நூறு ஜிபி காலியாக இருந்தாலும் சரி. ஃபார்மட் செய்யாமலேயே ஃபேட்32-ஐ என்டிஎஃப்எஸ்ஸாக மாற்ற விண்டோஸில் 'கன்வெர்ட்' கட்டளை இருக்கிறது. அதையும் பழைய படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்த பிறகே தொடுங்கள். நடுவில் கரண்ட் போனால் நிலைமை சிக்கல்.

காப்பி செய்யும் வரிசை முக்கியம். முழு டிரைவையும் ஒரே இழுப்பாக இழுத்துப் போடாதீர்கள். திரும்பக் கிடைக்காதவை முதலில்: குழந்தைகளின் படங்கள், இறந்துபோனவர்களின் குரலும் முகமும் இருக்கும் வீடியோக்கள். பாட்டும் சினிமாவும் கடைசியில். பிழை வரும் ஃபோல்டரை விட்டுவிட்டு மற்றவற்றை முடியுங்கள்; கெட்டுப்போன ஒரு இடத்தில் டிஸ்க் முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் நல்ல இடங்களும் கெடலாம்.

இதற்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை மிகப் பொருத்தம். ஒரு எச்சரிக்கை: அதை அப்படியே ஓட்டினால், படிக்க முடியாத ஒவ்வொரு ஃபைலுக்கும் 30 நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும். 'ஸ்லாஷ் ஆர் கோலன் 1' என்றும் 'ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1' என்றும் சேர்த்தால், ஒரு நொடி பொறுத்து ஒரே ஒரு முறை மறுபடி முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போகும். உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்கு 'ஸ்லாஷ் ஈ', தோற்றவை எவை என்று பிறகு பார்க்க 'ஸ்லாஷ் லாக் கோலன்' போட்டு ஒரு ஃபைல் பெயர். நடுவில் நின்றாலும் கவலையில்லை. அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே போனவற்றை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடரும்.

பெயர் நீளப் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடும். விண்டோஸின் வழக்கமான வரம்பு, டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை மொத்தம் 260 குறிகள். ரோபோகாப்பி அதைத் தாண்டியும் போகும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடுகிறது, ஏனென்றால் நமக்கு ஒரே எழுத்தான 'கோ' கம்ப்யூட்டருக்கு இரண்டு குறி.

நடுவில் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கே மறைந்துபோனாலோ, 'செமஃபோர் டைம்அவுட்' என்று வந்தாலோ கேபிளை மாற்றுங்கள், ஹப் வழியாக இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர் தரும், யூஎஸ்பி 3 போர்ட் 900; சுழலும் டிஸ்க்குக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கடைசியில் லாக்கில் தோற்றவையாகச் சில ஃபைல்கள் மிஞ்சும். அவை உயிரான படங்கள் என்றால், லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அது டிஸ்க்கின் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு வரும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் இவை எதையும் முயல வேண்டாம். லேப்டாப்பை அணைத்துவிட்டு, டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் சுத்த அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம் நேராகக் கொண்டுபோங்கள்.