சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் நடத்தும் மியூசியத்துக்கு கவுன்சில் பணம் எதற்கு? அதை வெட்டினால் என்ன ஆகும்?

கேட்டவர் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அங்கே ஒரு மியூசியம், அதை நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள். வரும் நிதியாண்டிலிருந்து கவுன்சில், அதாவது அந்த ஊர் உள்ளாட்சி, தன் உதவித்தொகையைக் குறைக்கப்போவதாகச் செய்தி. ஆட்களுக்குச் சம்பளமே இல்லாதபோது பணம் எங்கே போகிறது, அது நின்றால் என்ன, ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

நானும் இங்கிலாந்தில் அப்படி ஒரு மியூசியத்தில்தான் ஒன்பது வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் போய்க்கொண்டிருக்கிறேன். போன குளிர்காலத்தில் எங்களுக்கும் அதே கடிதம் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பணம் கட்டடத்துக்குப் போகிறது. காப்பீடு, தீ அலாரம், திருட்டு அலாரம், இரண்டுக்கும் வருடாந்திரப் பரிசோதனை, கூரை, மின்சாரம். இதில் எதுவும் பார்க்க வருகிறவர் கண்ணில் படாது. மின்சாரம் என்றதும் விளக்கைத்தான் நினைப்பார்கள். எங்கள் கட்டணத்தில் பெரும்பகுதி பின்கட்டிலுள்ள சேமிப்பு அறைக்குப் போகிறது. அங்கே காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றுவிட்டால் தோலிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கும். 40க்குக் கீழே இறங்கினால் மரச்சாமான் வெடிப்பு விடும். அதனால் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. மழைக்காலத்தில் காலையில் முதலில் வருகிறவருடைய முதல் வேலை அதன் தொட்டியை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. தொட்டி நிறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். ஒரு முறை நீண்ட விடுமுறையில் யாரும் வராமல் அப்படி நின்று, நான்கு ஜோடி பழைய காலணிகளில் சாம்பல் நிறத்தில் பூத்துவிட்டது. அதைத் தூரிகையால் துடைத்தெடுக்க இரண்டு பேருக்கு மூன்று வாரம் ஆயிற்று. தன்னார்வலர் நேரத்தை இலவசமாகத் தரலாம், உலர்ந்த காற்றைத் தர முடியாது.

சரி, கவுன்சில் ஏன் முதலில் மியூசியத்தில் கை வைக்கிறது? இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் பொது நூலக, அருங்காட்சியகச் சட்டப்படி நூலகம் நடத்துவது உள்ளாட்சியின் கடமை. மியூசியம் நடத்துவது அப்படியல்ல, விரும்பினால் நடத்தலாம். முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் நலமும் கட்டாயச் செலவுகள், அவை வருடாவருடம் ஏறிக்கொண்டே போகின்றன. ஆகவே கத்தி கட்டாயமில்லாத செலவின் மேல் விழுகிறது. 2016ல் லங்காஷயர் கவுன்டி (மாவட்ட) கவுன்சில் ஒரே வீச்சில் ஐந்து மியூசியங்களை மூட முடிவெடுத்தது. அதில் ஒன்றான பர்ன்லி குவீன் ஸ்ட்ரீட் மில், நீராவி எந்திரத்தால் தறி ஓடும் நெசவுக்கூடம். அந்த ஐந்தில் ஃப்ளீட்வுட் மியூசியத்தை உள்ளூர் மக்களின் அறக்கட்டளை ஒன்று ஏற்று நடத்தத் தொடங்கியது. அது எனக்குப் பெரிய தெம்பு. அதே சமயம், எல்லா ஊருக்கும் அப்படி அமையும் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

"லாட்டரி நிதி கேளுங்களேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்கலாம். ஆனால் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதி மாதிரியான இடங்கள் பெரும்பாலும் திட்டங்களுக்குத்தான் தருகின்றன. புதிய காட்சிக்கூடம், பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, கூரைப் புதுப்பிப்பு என்றால் வழியுண்டு. அலாரம் பரிசோதனைக்கும் மின்கட்டணத்துக்கும் வருடாவருடம் யாரும் தரமாட்டார்கள். கவுன்சில் தந்த சிறு தொகையின் அருமை அதுதான். அது சலிப்பான செலவுகளைத் தாங்கியது. அதன் மேல் நின்றுகொண்டுதான் மற்ற இடங்களில் விண்ணப்பித்தோம்.

அடுத்தது கவனமாக இருக்க வேண்டிய இடம். நிதியை வெட்டும் கையோடு, "கட்டடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பெயரளவு வாடகை போதும்" என்று கவுன்சில் சொல்லக்கூடும். கேட்கும்போது தாராளமாகத்தான் தோன்றும். குத்தகைப் பத்திரத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். முழுப் பொறுப்பும் குத்தகைதாரருக்கு என்று இருந்தால், நூறு வருடக் கூரை உங்கள் தலையில் இறங்குகிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவ்வளவு நிம்மதி. கட்டட மதிப்பீட்டாளரைக் கொண்டு நிலைமை அறிக்கை ஒன்று வாங்கிக்கொண்டு, கூரையும் வெளிச்சுவரும் கவுன்சில் பொறுப்பாகவே இருக்கட்டும் என்று கேட்டோம். பேச்சு இன்னும் நடக்கிறது. பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால் வணிகக் கட்டட வரியில் 80 சதவீதம் சட்டப்படியே தள்ளுபடி உண்டு. அதைக் கேட்காமலே முழு வரியையும் கட்டிவருகிற குழுக்கள் இருக்கலாம், உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நேரம். பிப்ரவரி கடைசியில் பதாகை பிடித்துப் பயனில்லை. அதற்குள் பட்ஜெட் முடிந்திருக்கும். வரைவு பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் வெளிவரும், மக்கள் கருத்துக் கேட்பும் அதையொட்டித்தான். நவம்பரிலேயே உங்கள் வார்டு உறுப்பினரை அழைத்துவந்து சேமிப்பு அறையைக் காட்டுங்கள். காட்சிக்கூடத்தை அவர் முன்பே பார்த்திருப்பார், பின்கட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

இதெல்லாம் பணத்தைப் பற்றி. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: பதிவேடு.

எங்களிடம் லேஸ் பின்னுகிறவர்கள் பயன்படுத்திய எலும்பு பாபின்கள், அதாவது நூல் சுற்றும் சின்னக் குச்சிகள், நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விரல் நீளம்தான் இருக்கும், வழவழவென்று தேய்ந்திருக்கும். சிலவற்றில் சின்னச் சின்னக் குழிகளாகக் குத்தி, சிவப்பும் நீலமும் நிரப்பி, ஒரு பெண்ணின் பெயரைச் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பார்கள். அப்படிப் பெயர் உள்ள இரண்டை நான் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் அடியில் வார்னிஷ் பூச்சின் மேல் மெல்லிய பேனாவால் எண் எழுதியிருக்கிறது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே: கொடுத்தது பேத்தி, பாட்டி லேஸ் பள்ளிக்குப் போனபோது வயது ஆறு, கடைசிக் காலத்தில் பார்வை மங்கிய பிறகும் தடவிப் பார்த்தே எந்த பாபின் எது என்று சொல்வாள். மற்றொன்றுக்கு எண் இல்லை. அது ஒரு எலும்புத் துண்டு, அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். பதிவேட்டைப் பார்த்துவந்த மூத்தவருக்கு அதன் கதை தெரியுமாம். அவர் இப்போது இல்லை.

மியூசியம் மூடப்பட்டால் பொருள்கள் பெட்டிகளில் கட்டப்பட்டு எங்கோ ஒரு கிடங்குக்குப் போகும். கூடவே எழுத்து போகாவிட்டால் அவை வெறும் சாமான். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பதிவேடுகளில் "நிரந்தர இரவல்" என்று எழுதிவைத்திருப்பார்கள். இரவலாக வந்தது கொடுத்தவருடையது, அவருக்குப் பிறகு வாரிசுகளுடையது. நெருக்கடி வரும்போது யாருக்கு என்ன சொந்தம் என்ற கேள்வி சட்டென்று எழும். நார்தாம்ப்டனில் 2014ல் கவுன்சில் தன் மியூசியத்திலிருந்த செகெம்கா என்ற எகிப்தியச் சிலையை ஏலத்தில் விற்றது. விலை 1.57 கோடி பவுண்டுக்கு மேல் போயிற்று. சிலையைத் தந்த பிரபு குடும்பத்தோடு தொகையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த விற்பனைக்காக அதே வருடம், முறையாக நடக்கும் மியூசியம் என்று ஆர்ட்ஸ் கவுன்சில் தரும் அங்கீகாரமும் பறிபோனது. அங்கீகாரம் போனால் பல நிதிகளின் கதவும் சாத்திவிடும்.

அதனால் நீங்கள் அந்த ஊர்க்காரர் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். மனுவில் கையெழுத்துப் போடுங்கள், கூட்டத்துக்குப் போங்கள். அதோடு ஒரு நாள் மியூசியத்துக்குப் போய், "பதிவேட்டைப் படம் எடுக்க ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். கைப்பேசியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். நாங்கள் புதன்கிழமைகளில் பக்கம் பக்கமாக எடுத்து, ஒரு பிரதியை கவுன்டி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கிறோம். எண் இல்லாத பொருள்களைத் தனி மேசையில் வைத்து, ஊரில் வயதானவர்களை இரண்டு இரண்டு பேராக அழைத்துவந்து காட்டுகிறோம். போன வாரம் வந்த ஒரு அம்மா பெயரில்லாத ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எங்கள் தெருவில் பிரசவம் பார்த்தவருடையது" என்றார். பக்கத்தில் இருந்த பையன் உடனே பேனாவை எடுத்தான்.