சுடுமல்லிக்கு சோளம் எப்படி டிமிக்கி குடுக்குது?

கேள்வி: சோளக்காட்டுல சுடுமல்லி களை வந்தா பயிரே கருகுன மாதிரி ஆயிடுது. பயிருக்கு தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாதா?
- வாசகர், பெரம்பலூர்

பதில்: தெரியும்ங்க, ஆனா எல்லா ரகத்துக்கும் இல்ல. சுடுமல்லி, பயிர் வேருல ஒட்டி சத்தை உறிஞ்சுற களை. அதோட விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணுக்குள்ள 10 வருஷத்துக்கு மேலயும் சும்மா தூங்கும், பக்கத்துல சோள வேர் இருக்குன்னு வாசனை புடிச்சாத்தான் முளைக்கும். அந்த வாசனை ஸ்ட்ரைகோலாக்டோன்னு ஒரு கெமிக்கல். மண்ணுல மணிச்சத்து (பாஸ்பரஸ்) கம்மியானா வேர் அதை ஜாஸ்தியா விட்டு, மணிச்சத்தை எடுத்துக் குடுக்குற நல்ல பூஞ்சையை உதவிக்கு கூப்பிடும், அதை ஒட்டுக்கேட்டுட்டு இந்தத் திருடன் வந்துடுறான்! சில சோள ரகங்கள்ல எல்ஜிஎஸ்1ங்கிற ஜீன் வேலை செய்யாது, அதனால வேர் விடுற கெமிக்கலோட வகையே மாறிடும், பூஞ்சைக்கு கேக்கும், களை விதை பெருசா கண்டுக்காது. என்னைக் கேட்டா இதுதான் செம ட்ரிக். அதையும் தாண்டி ஒட்டிக்கிட்டா, ஒட்டுன இடத்துல இருக்குற செல்லையே சில ரகங்கள் சாகடிச்சுடும், நெல்லுல சில ரகம் வேரோட உள்சுவர்லயே தடுத்துடும். வறட்சியையும் சுடுமல்லியையும் தாங்குற சோள ரகங்களை உருவாக்குனதுக்குத்தான் எத்தியோப்பியாவுல பொறந்த விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009ல உலக உணவுப் பரிசு கிடைச்சுது. உங்க காட்டுல பூ விடுறதுக்கு முன்னாடியே புடுங்கிடுங்க, ஒரே செடி ஆயிரக்கணக்குல விதை போட்டுடும்.