மூன்று கைப்பேசிக்கும் ஒரே ரீசார்ஜ் எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று கைப்பேசிகள் உள்ளன. மாமனார் பட்டன் போனில் பேசுவதோடு சரி. நான் வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப், யூடியூப் பார்ப்பேன். கோவையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகனிடம் 5ஜி போன் இருக்கிறது. மூன்றுக்கும் கடைக்காரர் தினம் 2 ஜிபி தரும் பேக்கையே போட்டுவிடுகிறார். இது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மகனுக்குச் சரி. உங்களுக்கும் மாமனாருக்கும் அது தேவையற்ற செலவு.

மாமனாரிடமிருந்து தொடங்குவோம். இணையமே பயன்படுத்தாதவர்கள் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்த நிலையை மாற்றும் வகையில், அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் அடங்கிய பேக்குகளைத் தனியே தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாட்களுக்கு 469 ரூபாயிலும், ஜியோ அதே 84 நாட்களுக்கு 448 ரூபாயிலும் அத்தகைய பேக்குகளை அறிமுகப்படுத்தின. விலை மாறியிருக்கலாம் என்பதால் ரீசார்ஜ் செய்யும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்கு இணையம் தேவையில்லை. அது எஸ்எம்எஸ்ஸாகவே வந்து சேரும். கடையில் "பேசுறதுக்கு மட்டும்" என்று நீங்களாகக் கேட்டால்தான் இந்த பேக் கிடைக்கும். பெரும்பாலும் அவர்களாக எடுத்துச் சொல்வதில்லை. மாமனாரின் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜியோவில் 2ஜி சேவை கிடையாது, ஆகவே பழைய 2ஜி பட்டன் போன் அதில் வேலை செய்யாது.

அடுத்து நீங்கள். உங்கள் போனின் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்தால், மொபைல் டேட்டாவுக்கு ஒரு கணக்கும் வைஃபைக்கு ஒரு கணக்கும் தனித்தனியாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மொபைல் டேட்டா கணக்கை மட்டுமே. என் அம்மாவின் போனில் இதைத் திறந்து பார்த்தபோது ஒரு மாதத்துக்கு 3 ஜிபிகூடச் செலவாகியிருக்கவில்லை; ஆனால் தினம் 2 ஜிபி என்ற கணக்கில் 28 நாட்களுக்கு 56 ஜிபிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். மிச்சமாகும் டேட்டா மறுநாளுக்குச் சேராமல் நள்ளிரவோடு போய்விடும் என்பது எனக்கு இன்றும் மனத்தாங்கலான விஷயம். உங்களைப் போன்றவர்களுக்கு, அன்றாட வரம்பு இல்லாமல் மொத்தமாகச் சில ஜிபி தந்து, வேலிடிட்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் செலவழிக்கவிடும் பேக்கே பொருத்தமானது. வெளியூர் போகும் மாதத்தில் போதாமல் போனால் டேட்டாவை மட்டும் தனியாகக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

மகனின் நிலை வேறு. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பற்ற 5ஜியைத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பேக்குகளோடு இணைத்தன. ஆகவே விடுதி அறையில் 5ஜி சிக்னல் கிடைக்குமானால் அவருக்கு இப்போதுள்ள பேக்கே ஏற்றது. வராந்தாவில் மட்டும் சிக்னல் கிடைத்து அறைக்குள் கிடைக்காவிட்டால் பயனில்லை; அதே அறையில் தங்கும் நண்பர்களிடம் எந்த நிறுவனத்துக்கு நன்றாகக் கிடைக்கிறது என்று கேட்பதே சிறந்த சோதனை. இதை உறுதிசெய்யாமல் ஓராண்டு பேக் போட வேண்டாம், ஏனெனில் இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மிச்ச நாட்களுக்கான பணம் திரும்பி வராது.

கேள்வி: மாதம் ஒருமுறைதான் ரீசார்ஜ் செய்கிறேன். ஆனாலும் ஆண்டுக்கு 13 முறை வருகிறதே, ஏன்?
– வாசகர், தேனி

பதில்: 28 நாள் பேக் போடுவதால்தான். 13 முறை போட்டால்தான் 364 நாட்கள் ஆகும். எந்த பேக்கையும் அதன் விலையை நாட்களால் வகுத்துப் பாருங்கள். 28 நாட்களுக்கு 299 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 ரூபாய் 68 காசு; 84 நாட்களுக்கு 799 ரூபாய் என்றால் 9 ரூபாய் 51 காசு. மாதச் சம்பளக்காரர்களுக்கு மொத்தமாகக் கட்டுவது சிரமமாக இருக்கலாம். அவர்களுக்காக, 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. நிறுவனத்தின் செயலியில் இவை பட்டியலின் அடியில் கிடக்கும். சற்றுத் தேடி எடுங்கள்.