தோல்விக்குப் பின் சில பிள்ளைகள் மட்டும் சீக்கிரம் தேறுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே மாதிரி மார்க் குறைந்த இருவரில் ஒருவன் வாரத்தில் தேறுகிறான், இன்னொருவன் மாதக்கணக்கில் முடங்குகிறான், ஏன்? அடிபட்டபின் பழைய நிலைக்குத் திரும்பும் இந்தத் திறன்தான் மனத்தாங்குதிறன். பயத்தைக் கிளப்புவது மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா. அதை ஆற்றுப்படுத்தும் நெற்றிப் பகுதி மூளை முழுசாக முதிர சுமார் 25 வயது ஆகிவிடும், அதனால் பதின்வயதில் பதற்றம் முந்திக்கொள்வது இயல்பு.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தூர்வாரிய கால்வாய் இருந்தால் தண்ணீர் வடியும், புதர் மண்டியிருந்தால் தெருவிலேயே நிற்கும். மூளையின் இவ்விரு பகுதிகளுக்கு இடையிலான நரம்பு இணைப்பும் அப்படித்தான். நல்ல தூக்கம், மனம்விட்டுப் பேச ஓர் அத்தையோ நண்பனோ, சின்னச் சிக்கல்களைத் தானே சமாளித்த பழக்கம், இவைதான் தூர்வாருதல்.

அப்புறம், அழாதவன்தான் திடமானவன் என்பது தப்பு. அழுது தீர்த்துவிட்டு மறுநாள் கிளம்புகிறவனுக்கும் மனத்தாங்குதிறன் இருக்கிறது.