பொன்னுருவியின் தொண்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு ஊர் ஆற்காட்டுக்குப் பக்கம். சென்னையில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். ‘கர்ண மோட்சம்’ கூத்தை முழுநீளப் படமாக எடுக்க ரொம்ப நாள் ஆசை. செய்யாறு பக்கத்து ஜமா (கூத்துக்குழு) ஒன்று நடித்துத் தரச் சம்மதித்திருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கும் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். எதை வெட்டுவது, எதை வைப்பது? இதுதான் என் கேள்வி.

என் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுகளை முதலில் சென்னையில் ஸ்டுடியோவில் பதிவு செய்துகொள்வோம். முகவீணை என்ற அந்தச் சின்ன ஊதுகுழல் இன்றைய காதுக்குக் குத்துகிறது என்பதால் அதற்குப் பதில் புல்லாங்குழல் சேர்க்கலாம். கர்ணன் அரண்மனைக்கு வேலூர்க் கோட்டை, போர்க்களத்துக்குப் பாலாற்று மணல், சேனைக்கு சிஜி. பெண் வேஷம் கட்டுபவருக்குப் பதில் கர்ணன் மனைவி பொன்னுருவியாக ஒரு நடிகை, அவருக்குப் பின்னணிப் பாடகி. மேடையைப் படம்பிடித்த மாதிரி இருந்துவிடக் கூடாது என்கிறார் தயாரிப்பாளர். எனக்கும் அதே பயம்தான். எந்த கேமரா நல்லது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விக்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. பாட்டை முதலிலேயே ஸ்டுடியோவில் பதிவு செய்துகொள்வோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக உட்கார்ந்தேன். பாட்டு நாடகம் சினிமாவாகும்போது எந்த இடத்தில் உயிர் போகிறது என்று கொஞ்ச காலமாகவே யோசித்து வருகிறேன். பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கேமரா எதுவானாலும் சரி. பாலாற்றையும் சிஜி சேனையையும் தயாரிப்பாளர் வேறு படத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது; மனு, கட்டணம், நிபந்தனை என்று அலைய வேண்டும். அலைந்து வாங்கிவிட்டீர்கள் என்றே வையுங்கள். அந்தக் கருங்கல் மதிலுக்கு முன்னால், கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடித்துண்டு ஒட்டித் தோளில் கட்டும் புஜகீர்த்தியோடு கர்ணன் வந்து நின்றால், அது மரக்கட்டை என்பது மட்டும்தான் கண்ணில் படும். களரியில், அதாவது கூத்து ஆடும் வெளியில், ஒரு பெஞ்சை அரியணை என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே கட்டையும் தங்கம்தான். மதிலை நிஜமாக்கினீர்கள் என்றால் கட்டை பொய்யாகிவிடும்.

இது நமக்கு மட்டும் நேர்கிற கதை இல்லை. நியூயார்க்கில் 153 பேர் உட்காரும் ஒரு சின்ன அரங்கில் 1960 மே மாதம் தொடங்கி 2002 ஜனவரி வரை 17,162 முறை நடந்தது ‘தி ஃபேன்டாஸ்டிக்ஸ்’ என்ற இசை நாடகம். பக்கவாத்தியம் ஒரு பியானோ, ஒரு ஹார்ப். இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் சுவர் என்பது, வாய்பேசாத ஒருவர் நீட்டிப் பிடிக்கும் ஒரு குச்சி. நம் ஊரில் வேஷம் நுழையும்போது இரண்டு பேர் திரை பிடிக்கிறார்களே, அதற்குத் தூரத்து உறவு. 1995-ல் மைக்கேல் ரிட்சி அதை அரிசோனாவின் புல்வெளிக்குக் கொண்டுபோய், நிஜ வீடு, நிஜத் திருவிழாக் கூடாரம், பெரிய வாத்தியக்குழு என்று படமாக்கினார். படம் 2000 வரை வெளிவரவே இல்லை. வந்தபோது வெட்டிக் குறுக்கி வந்தது. அத்தனை வருஷம் அந்தக் குச்சியைச் சுவராகப் பார்த்த நாடகம், நிஜமான வெளியில் நின்று என்ன செய்யும்?

‘மேடையைப் படம்பிடித்த மாதிரி’ இருக்குமோ என்ற பயம்தான் இவ்வளவுக்கும் காரணம். அந்தப் பயத்தை முதலில் தலைமுழுகுங்கள். கூத்துக்கு மேடையே கிடையாது. மூன்று பக்கமும் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருக்கும் வெட்டவெளி. முன்வரிசைக் குழந்தையின் கால்மேல் கர்ணனின் பாவாடை உரசும். க்ளோஸப்பைக் கண்டுபிடித்தது சினிமா என்று யார் உங்களுக்குச் சொன்னது?

சரி, பாட்டுக்கு வருவோம். கூத்தில் நடிகர் ஓர் அடியைப் பாடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். முகவீணை அவர் குரலை ஒட்டி, மயிரிழை பின்தங்கியே வருகிறது. மிருதங்கக்காரர் கண் நடிகரின் காலில் இருக்கிறது. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடி முடிகிறது. எல்லோரும் அந்த மூச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் தாளத் துடிப்பைக் காதில் மாட்டி, வாத்தியத்தைத் தனி, குரலைத் தனி என்று பதிவு செய்தால் அந்த மயிரிழை காணாமல் போகும். பிறகு களத்தில் ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு அவரையே வாயசைக்கச் சொல்வீர்கள். விருத்தத்தை அவர் ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை பாடியதில்லை. தன் குரலுக்கே வாயசைக்கத் தெரியாமல் தடுமாறுவார். உதடு ஒருவேளை பொருந்தலாம். கழுத்து நரம்பு பொருந்தாது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறவரின் தொண்டை எப்படிப் புடைக்கும், தாடை எவ்வளவு இறங்கும் என்பதை அருகிலிருந்து காட்டத்தானே ஐயா கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? ஆகவே களத்தில் பாடவிட்டு அங்கேயே பதிவு செய்யுங்கள். கஷ்டம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

சட்டைமைக்கை மார்பில் குத்தாதீர்கள். மார்ப்பதக்கமும் அதிலுள்ள கண்ணாடியும் அசைவுக்கு அசைவு மைக்கில் இடிக்கும், அதைப் பிறகு மென்பொருளால் சுத்தமாகப் பிரிப்பது கடினம். கிரீடத்தின் முன்விளிம்பில், நெற்றிக்கு மேல், வாய் பார்க்கக் கவிழ்த்து ஒட்டுங்கள். வியர்வை இறங்கி மைக் அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு ஒட்டுங்கள். மைக்கின் ஒலியை அனுப்பும் பெட்டியை க்ளிப்பில் மாட்டினால், கிரிக்கி அடித்துச் சுழலும் முதல் சுற்றிலேயே பறந்துவிடும். துணிப்பட்டையில் வைத்து முதுகின் கீழே இறுக்கிக் கட்டுங்கள். வசனம் தாழ்ந்தும், தரு என்னும் தாளப்பாட்டு உச்சத்திலும் வரும், ஆகவே இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் எடுங்கள். இல்லாவிட்டால் உரத்த அடி ரெக்கார்டரின் அளவுகோலில் -12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மேலே கழியில் ஒரு மைக், சலங்கைக்குத் தரையோரம் ஒன்று.

வாத்தியக்காரர்கள் வழக்கம்போல் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தால் முகவீணை எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 5 அடியிலிருந்து 20 அடிக்கு நகர்த்தினால் 12 டெசிபல் கிடைக்கும், அது போதும். அதற்கு மேல் நகர்த்தாதீர்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1,100 அடிதான் போகும்; 20 அடிக்கு 18 மில்லிநொடி தாமதம், யாருக்கும் உறைக்காது. 60 அடிக்கு விரட்டினால் 54 மில்லிநொடி, சலங்கையும் மிருதங்கமும் ஒன்றையொன்று தேடும். அவ்வளவு தூரம் தள்ளித்தான் ஆகவேண்டும் என்றால் நடிகரின் காதில் சின்ன இயர்போனைச் செருகுங்கள். காதுக்கட்டை அதை மறைத்துவிடும்.

முகவீணைக்குப் பதில் புல்லாங்குழல் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கடிதத்தை மூடிவைத்துவிடலாமா என்று தோன்றியது. காதைக் குத்துகிறது என்றால் மைக்கைத் தள்ளி வையுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். ஏற்கெனவே அதை வாசிக்க ஆள் கிடைக்காமல் ஆர்மோனியத்தோடு ஒப்பேற்றும் ஜமாக்கள் பெருகிவருகின்றன. படத்துக்காகச் சுருதிக் கட்டையை இறக்கிப் பாடச் சொல்லும் யோசனையும் உங்களுக்கு வரும், கண்டிப்பாக வரும். செய்யாதீர்கள். ஆர்மோனியக்காரர் இறக்கித் தந்துவிடுவார். முகவீணை குழலும் சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) சேர்ந்து சுருதி கட்டிய வாத்தியம், இரண்டு கட்டை இறங்கி வராது. நடிகரின் குரலும் அங்கே சப்பென்று ஆகிவிடும். அந்த உச்சக் குரல் பக்கத்தில் கேட்டால் கத்தலாக இருக்கிறதா? 85 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு நீங்கள் 12 அடி பின்னால் போங்கள்.

அடுத்தது எடிட்டருக்கு. விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. ஒரு டேக்கில் 40 நொடி ஓடுவது அடுத்த டேக்கில் 55 நொடி ஓடலாம். இரண்டையும் ஒட்ட முடியாது. தருவில் தாளம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். காலம் ஏறும் தம்பி. நிமிடத்துக்கு 84 தட்டில் பாடியவர் அடுத்த முறை சூடு ஏறி 88-ல் பாடுவார். 64 தட்டு கொண்ட ஒரு பகுதி முதலில் 45.7 நொடி, பிறகு 43.6 நொடி. இரண்டு நொடிப் பிசகை எந்த வெட்டில் ஒளிப்பீர்கள்? ஆகவே மூன்று கேமரா, ஒரே ஓட்டம். ஒன்று நேரே, தரையிலிருந்து 3 அடி உயரத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில். மற்ற இரண்டும் பக்கவாட்டில். திரை பிடித்ததிலிருந்து அந்தப் பாத்திரம் அடங்குவதுவரை நிறுத்தாமல் எடுங்கள். ஸ்டில் கேமராக்களில் சில 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும், பார்த்து வாங்குங்கள். சித்திரை வைகாசியில் வேலூர்ப் பக்கம் ராத்திரியிலும் கேமரா சூடேறும்.

பின்பாட்டு ஒரே அடியைத் திருப்புவதால் அதை வெட்டி நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று உங்கள் கை துறுதுறுக்கும். திருப்பும் அந்த நேரத்தில்தான் நடிகர் ஆடுகிறார், எதிரில் நிற்பவர் கேட்டதை வாங்கிக்கொள்கிறார். பிறப்பைச் சொல்லிப் பொன்னுருவி ஏசும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பும்போது கேமரா கர்ணன் முகத்தில் இருக்கட்டும். அந்த இடத்தை எடிட்டருக்காகவே கட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் போய் வெட்டுவீர்களா?

இடம் தேடும்போது பெங்களூரு நெடுஞ்சாலைக்கு எட்டவே இருங்கள். லாரிச் சத்தம் ராத்திரியில் மைல் கணக்கில் வரும். அணைக்கட்டு என்ற ஊருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையடிவாரக் கிராமங்கள் தோதானவை. திருவிழாவன்று எடுக்கவே கூடாது, கூம்பு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தனியாக ஒரு ராத்திரி வைத்து, ஊர் ஜனம் ஐம்பது அறுபது பேரைச் சோறுபோட்டு உட்காரவையுங்கள். ஆளில்லாத களரியில், கதையை நடத்தும் கோமாளியான கட்டியக்காரன் வாயில் வார்த்தை வராது. ஜெனரேட்டர் 300 அடி தள்ளி, ஒரு சுவருக்குப் பின்னால். தரை வெறும் மண்ணாகவே இருக்கட்டும், பலகை போட்டால் ஒவ்வொரு அடியும் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். புழுதி அடங்க ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் தெளியுங்கள், கடைசி நேரத்தில் தெளித்தால் சுழலும்போது வழுக்கும். பனி இறங்கினால் மிருதங்கத் தோல் தளரும், ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சுருதி சேர்க்க அவருக்கு அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துவையுங்கள். சில்வண்டு ஒரு வெட்டில் கத்தி அடுத்த வெட்டில் நின்றுபோனால் அதை மூட வேறு வழி இல்லை.

வெளிச்சத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உச்சியில் விளக்கு வைத்தால் கட்டைக் கண்ணாடிகள் எல்லாம் லென்ஸில் அடிக்கும். முகமட்டத்தில், மஞ்சளாக வையுங்கள். டியூப்லைட் வேண்டுமென்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100, இல்லாவிட்டால் பட்டை பட்டையாக மினுக்கும். வியர்வையில் அரிதாரம் கோடு விழுந்தால் துடைத்துச் சரிசெய்ய ஆள் அனுப்பாதீர்கள்.

நடிகை வரட்டும், தடையில்லை. பெண்கள் கட்டைக் கட்டி ஆடும் காலம் வந்தாயிற்று, கட்டைக்கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலின் மாணவிகளே ஆடியிருக்கிறார்கள். ஆனால் பாடத் தெரிந்தவராக வரட்டும். ஒருவர் ஆட, இன்னொருவர் எங்கோ ஏசி அறையில் நின்று பாட, அது பொன்னுருவி இல்லை.

எதை வெட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். சல்லியன் சண்டை, குந்தி வருவது, போர்க்களம் எல்லாவற்றிலிருந்தும் துளித்துளி எடுத்து இரண்டு மணி நேரம் தேற்றினால் டிரெய்லர்தான் மிஞ்சும். கர்ணன் விடைபெற வருவது, அவள் ஏசுவது, பிறகு போகவிடமாட்டேன் என்று அழுவது, இந்த ஒரு பகுதியை முழுசாக எடுங்கள். பதினேழாம் நாள் போரில் அவன் சாகப்போவது இந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு நிகழ்த்துகிறவருக்கு 50 வருஷ உரிமை தருகிறது; படத்துக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டாலும், வணிகமாகப் பயன்படுத்தினால் அவருக்குப் பங்கு உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேஷக்காரர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். முகவீணைக்காரர், மிருதங்கக்காரர், ஆர்மோனியக்காரர், தாளம் போடுகிறவர், பின்பாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகத் தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டை மட்டும் பிரித்து யூடியூபில் போடுவதானால் அதற்குத் தனித்தொகை என்று ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்.