சைனஸ் ஆபரேஷனில் கண் பார்வை போகும் என்கிறார்களே, உண்மையா? சிடி ஸ்கேன் கட்டாயமா?

நடக்கலாம், ஆனால் மிக அபூர்வம். சிடி கட்டாயம்தான். நான் ஆபரேஷன் செய்பவன் இல்லை, படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட். இந்தப் பயத்துக்குக் காரணமான ரத்தக்குழாயைத் தேடிப் பார்ப்பது என் அன்றாட வேலை என்பதால் எழுதுகிறேன்.

அதன் பெயர் முன் எத்மாய்டு தமனி. கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியிலிருந்து பிரிந்து, கண்ணை அசைக்கும் இரண்டு தசைகளுக்கு நடுவே நுழைந்து, கண்குழியின் உள்சுவரைத் துளைத்துக்கொண்டு, இரண்டு கண்களுக்கும் நடுவே இருக்கும் எத்மாய்டு சைனஸ் என்ற காற்றறைகளுக்குள் வருகிறது. அங்கே கூரையை ஒட்டிக் குறுக்கே ஓடி, மூளை இருக்கும் பக்கம் போய், அப்புறம்தான் மூக்குக்குள் இறங்குகிறது. அது கூரையைத் துளைக்கும் இடம் இருக்கிறதே, மண்டையோட்டின் அடிப்பகுதியிலேயே மிக மெல்லிய எலும்பு அங்கேதான்.

சிலருக்கு இந்தத் தமனி கூரை எலும்புக்குள்ளேயே பத்திரமாகப் புதைந்திருக்கும். சிலருக்கோ, முக்கியமாகக் கண்ணுக்கு மேல்புறம் வரை காற்றறை பரவியிருப்பவர்களுக்கு, கூரையை விட்டுச் சில மில்லிமீட்டர் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள எலும்பு உறைகூட முழுதாக இல்லாமல் போகலாம். ஒரே ஆளுக்கு வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் வேறு மாதிரி இருப்பதும் சகஜம்.

தொங்கும் தமனியைச் சதைத்துண்டு என்று நினைத்து வெட்டினால், அறுந்த முனை இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி கண்குழிக்குள் சுருண்டுவிடும். மூக்கில் அவ்வளவாக ரத்தம் தெரியாது, கண்ணுக்குப் பின்னால் தேங்கும். சுற்றிலும் எலும்பு, ரத்தம் எங்கே போகும்? அழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் போவது தடைபடும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் கண்ணின் வெளி ஓரத்தை வெட்டிவிட்டாவது அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். ஆபரேஷன் முழுக்க நோயாளியின் கண்ணை மூடி மறைக்காமல் பார்வையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

படத்தில் எப்படித் தெரியும்? முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது போன்ற வெட்டுப்படங்களில், கண்குழியின் உள்சுவர் ஓரிடத்தில் சின்னக் காம்பு போலக் கூராக இழுத்திருக்கும். தமனி வெளியேறும் இடம் அது. அந்தக் காம்புக்கும் கூரைக்கும் நடுவே கறுப்பாகக் காற்று தெரிந்தால் தமனி தொங்குகிறது என்று அர்த்தம், அறிக்கையில் கட்டாயம் எழுதிவிடுவேன். கூடவே முகர்தட்டு, அதாவது முகரும் நரம்புகள் மூக்குக்குள் இறங்கும் சல்லடை எலும்பு, எத்மாய்டு கூரையைவிட எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதும் வேண்டும். 1962-இல் கெரோஸ் என்பவர் வகுத்த அளவில் 1–3 மி.மீ. முதல் வகை, 4–7 இரண்டாவது, 8–16 மூன்றாவது. ஆழம் கூடக்கூட அந்த மெல்லிய எலும்பு அதிகம் வெளிப்பட்டு நிற்கும்.

கண்குழியின் முன் விளிம்பிலிருந்து முன் தமனிக்கு 24 மி.மீ., அங்கிருந்து அதற்குப் பின்னால் ஓடும் பின் எத்மாய்டு தமனிக்கு 12, அதிலிருந்து பார்வை நரம்புக்கு 6 என்று ஒரு கணக்கு பாடத்தில் உண்டு. அது சராசரி, அவ்வளவுதான். அதை நம்பிப் படத்தை அரைகுறையாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

மூக்கின் பின்பக்கத்து ஸ்பீனோபாலடைன் தமனியும் ஆளுக்கு ஆள் மாறும். துளையிலிருந்து ஒற்றைக் குழாயாக வராமல் இரண்டு மூன்றாகப் பிரிந்தே வருவதுண்டு, ஒன்றை மட்டும் அடைத்தால் ரத்தம் நிற்காது. ஆனால் அங்கே கசிந்தால் எண்டோஸ்கோப்பில் பார்த்தே பெரும்பாலும் அடைத்துவிடலாம். மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸின் நடுத்தடுப்பு சிலருக்குக் கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் பெரிய தமனியின் சுவரில் போய் ஒட்டியிருக்கும், அதைப் பிடித்துத் திருகினால் கதையே வேறு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: முன்பு சைனஸ் ஆபரேஷன் ஆகியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அடையாளங்களெல்லாம் மாறியிருக்கும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எடுத்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். "என் படத்தில் அந்தத் தமனி எங்கே இருக்கிறது டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள், படத்தைப் பார்த்தவர் உடனே காட்டிவிடுவார். ஆபரேஷன் முடிந்தபின் மூக்கைச் சிந்தாதீர்கள். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நடு ராத்திரியாக இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.